காரோடு போக முடியாது, கரண்டுக்கும் அளவு உண்டு! ஸ்காட்லாந்தின் 'எக்' தீவில் அப்படி என்ன இருக்கு?

ஹாரன் சத்தமே கேட்காத இடத்துல நாலு நாள் இருக்கணும்னு நினைப்பவர்கள் தேடிப் போகும் இடங்களில் ஒன்று, ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள 'எக்' தீவு. சுமார் 9 கி.மீ. நீளம், 5 கி.மீ. அகலம். மக்கள்தொகை 100-க்குச் சற்று மேல், அவ்வளவுதான்!

என்ன பார்க்கலாம்?

எரிமலைக் குழம்பு உறைந்து உருவான 393 மீட்டர் உயர 'ஸ்கூர்' பாறை மலைதான் தீவின் அடையாளம். இன்னொரு பக்கம் 'பாடும் மணல்' கடற்கரை. காய்ந்த மணலில் கால் வைத்தால் கீச்சென்று சத்தம் வரும். மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள்கள் ஒன்றோடொன்று உரசுவதே காரணம். வானில் தங்கக் கழுகு, கடலில் திமிங்கிலம் கண்ணில் படவும் வாய்ப்புண்டு.

தீவு யாருக்குச் சொந்தம்?

ஒரு காலத்தில் மொத்தத் தீவும் தனி முதலாளிகளின் சொத்து. தீவு கைமாறும்போதெல்லாம், குடியிருப்பவர்களுக்குத் தங்கள் வீடு நிலைக்குமா என்ற பயம். கடைசியில் நன்கொடை திரட்டி, 1997-ல் சுமார் 15 லட்சம் பவுண்டுக்கு மக்களே தீவை வாங்கிவிட்டார்கள். அப்போது அங்கே இருந்தவர்கள் சுமார் 65 பேர். அதன்பிறகுதான் எண்ணிக்கை ஏறியது.

கரண்டுக்கு ஏன் அளவு?

தேசிய மின்கட்டமைப்போடு எக் இணைக்கப்படவில்லை. முன்பு வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர் ஓடியது. அந்த இரைச்சல் அடங்கியது 2008-ல். நீர், காற்று, சூரிய ஒளி மூன்றையும் சேர்த்து மக்களே சொந்தமாக மின்சாரம் தயாரிக்கத் தொடங்கினர். ஆனால் ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. கெட்டில், வாஷிங் மெஷின் ரெண்டையும் ஒண்ணா போட்டாலே எல்லை நெருங்கிடும். தாண்டினால் அந்த வீட்டுக்கு மட்டும் கரண்ட் கட்! காற்றும் மழையும் வெளுத்து வாங்கும் நாட்களில் மிஞ்சும் மின்சாரம், சமுதாயக் கூடம் போன்ற பொது இடங்களைச் சூடாக்கப் போகிறது.

ஆக, இயற்கை கொடுத்த அமைதி பாதி என்றால், மீதி அங்குள்ளவர்கள் கட்டுப்பாட்டோடு உருவாக்கியது.

எப்படிப் போவது?

கிளாஸ்கோவில் இருந்து மலைப்பாதை ரயிலில் மாலெய்க். அங்கிருந்து படகு. பயணிகள் கார் கொண்டுவர அனுமதி இல்லை. நடை அல்லது சைக்கிள்தான். தினமும் படகு கிடையாது, புயல் அடித்தால் அதுவும் ரத்தாகும். எனவே திரும்பும் பயணத்துக்கு ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. தங்கும் இடங்களும் குறைவு என்பதால், ரூம் கிடைத்ததை உறுதி செய்துகொண்டு டிக்கெட் போடுங்க!