ரைடர் வாங்கும் முன் பாலிசியைப் படியுங்கள்

டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கப் போகிறவரிடம் 'விபத்து மரண ரைடரும் சேர்த்துக்கலாமா சார்?' என்று ஏஜென்ட் கேட்பது வழக்கம். ரைடர் என்பது அடிப்படை பாலிசியோடு தனிக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பாதுகாப்பு. விபத்தில் போனால் பணம் வராதோ என்ற பயத்தில் பலரும் தலையாட்டிவிடுகிறார்கள். அந்தப் பயமே வேண்டாம். மாரடைப்போ, சாலை விபத்தோ, எதனால் உயிர் போனாலும் அடிப்படை பாலிசியே முழுத்தொகையையும் நாமினிக்குத் தரும். முதல் 12 மாதத்துக்குள் தற்கொலை என்பதுதான் முக்கியமான விதிவிலக்கு. விபத்து ரைடர் கொடுப்பது அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகை, அவ்வளவுதான். எப்படி இறந்தாலும் வீட்டுக்கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் மாறப்போவதில்லை. எனவே இந்த ரைடருக்குக் கட்டும் பணத்தில் அடிப்படைக் காப்பீட்டுத் தொகையை உயர்த்திக்கொள்வதே மேல். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியிருப்பதும் இதற்குக் கைகொடுக்கும்.

அதிகக் குழப்பம் நோய் விஷயத்தில்தான். பல பாலிசிகளில் 'டெர்மினல் இல்னஸ்' வசதி தனிக் கட்டணமின்றியே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் பிழைப்பது கடினம் என்று மருத்துவர்கள் சான்று தந்தால், காப்பீட்டுத் தொகை முன்கூட்டியே கிடைக்கும். புற்றுநோய் வந்து சிகிச்சையில் தேறிவரும் ஒருவருக்கு இது உதவாது. அவருக்கு வேண்டியது 'கிரிட்டிக்கல் இல்னஸ்' ரைடர். பட்டியலில் உள்ள நோய், அதில் சொல்லியிருக்கும் தீவிரத்தில் உறுதியானால், மருத்துவமனை பில் எவ்வளவு என்று பார்க்காமல் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். ஆனால் பாலிசி தொடங்கி முதல் 90 நாட்களில் நோய் வந்தால் பொதுவாக எதுவும் கிடைக்காது.

இதிலும் இரண்டு வகை உண்டு. 'ஆக்சிலரேட்டட்' வகையில், ஒரு கோடி ரூபாய் பாலிசியிலிருந்து நோய்க்காக 25 லட்சம் வாங்கினால், பிறகு குடும்பத்துக்கு மிஞ்சுவது 75 லட்சம்தான். 'அடிஷனல்' வகையில் 25 லட்சமும் வரும், ஒரு கோடியும் அப்படியே நிற்கும். பிரீமியம் கூடும், ஆனாலும் சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

பலர் கண்டுகொள்ளாத ரைடர் ஒன்று உண்டு: பிரீமியம் தள்ளுபடி. விபத்தில் நிரந்தர ஊனம் ஏற்பட்டு வருமானம் நின்றுபோனால், மீதி பிரீமியத்தை நாம் கட்ட வேண்டியதில்லை, பாலிசி தொடரும். சில பாலிசிகளில் இது உள்ளடங்கியே வருகிறது, அப்போது தனியாக வாங்கத் தேவையில்லை.

பாலிசி கைக்கு வந்ததும் 30 நாட்களுக்குள் வேண்டாமென்று திருப்பித் தரும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த நாட்களில் உட்கார்ந்து படியுங்கள். எது உள்ளேயே இருக்கிறது, எதற்குத் தனியாகக் கட்டுகிறீர்கள் என்று நிறுவனத்திடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.