ஆளும் பிரஜையும்: அமெரிக்க யாப்பில் இரு சொற்கள்

ஐக்கிய அமெரிக்காவின் பிரஜாவுரிமைப் பரீட்சைக்காக எம்மவர்கள் மனனம் செய்யும் விடைகளில் பல வெறும் எண்கள். செனற் சபையில் 100 பேர், பிரதிநிதிகள் சபையில் 435 பேர், சனாதிபதியின் பதவிக்காலம் 4 ஆண்டுகள். இவை தெரிந்திருக்க வேண்டியவைதான். ஆனால் இவற்றுக்குப் பின்னாலுள்ள கருத்தைப் பரீட்சகர் கேட்பதில்லை, நாமும் தேடுவதில்லை. ஊரில் பல வருடங்கள் அரசறிவியல் படிப்பித்து, இப்போது இந்நாட்டில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் எனக்கு அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

என்னுடன் இரவு வேலை செய்யும் தம்பி ஒருவர் அண்மையில் சொன்னார்: "சிற்றிசன் எடுக்குமட்டும் எங்களுக்கு என்ன உரிமை சேர்? வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதுதான் புத்தி." எம்மிற் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். இது எந்த அளவுக்குச் சரி என்பதை யாப்பைக் கொண்டே பார்ப்போம்.

அதிகாரத்தின் மீதான ஐயம்

1787இல் பிலடெல்பியாவில் கூடி இந்த யாப்பை வரைந்தவர்கள் ஒரு மன்னனின் ஆட்சியை உதறிவிட்டு வந்தவர்கள். அதிகாரம் ஒரே கையில் சேர்வதை அவர்கள் அஞ்சினர். ஆகவே முதலாம் உறுப்புரையில் சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கும், இரண்டாம் உறுப்புரையில் நிறைவேற்று அதிகாரத்தைச் சனாதிபதிக்கும், மூன்றாம் உறுப்புரையில் நீதி அதிகாரத்தை நீதிமன்றங்களுக்கும் பிரித்துக் கொடுத்தனர். பிரித்ததோடு நில்லாமல் ஒன்றை மற்றொன்றுக்குக் காவலாகவும் வைத்தனர். காங்கிரஸ் நிறைவேற்றும் சட்டமூலத்தைச் சனாதிபதி மறுக்கலாம். இரு சபைகளும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு வாக்கினால் அம்மறுப்பை முறியடிக்கலாம். நீதிபதிகளைச் சனாதிபதி பிரேரிக்க, செனற் சம்மதிக்க வேண்டும். யாப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்று கூறும் அதிகாரத்தை 1803இல் உயர் நீதிமன்றம் நிலைநாட்டியது.

இதன் பெறுமதி எமக்குத் தெரியாததல்ல. இலங்கையின 1978ஆம் ஆண்டு யாப்பின்படி, சட்டமாகிவிட்ட ஒன்றைப் பின்னர் எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது.

யாருக்கு என்ன?

அமெரிக்க யாப்பு 'பிரஜை' என்றும் 'ஆள்' என்றும் இரு சொற்களைக் கையாள்கிறது. இரண்டும் ஒன்றல்ல. காங்கிரசுக்கோ சனாதிபதி பதவிக்கோ போட்டியிடுபவர் பிரஜையாக இருக்க வேண்டும். வாக்குரிமையைப் பாதுகாக்கும் திருத்தங்களும் பிரஜையையே குறிப்பிடுகின்றன. ஆனால் உரிய சட்ட நடைமுறையின்றி உயிரையோ சுதந்திரத்தையோ உடைமையையோ பறிக்கக் கூடாது என்று கூறும் 1791ஆம் ஆண்டின் ஐந்தாம் திருத்தம் 'ஆள்' என்கிறது. சட்டத்தின் சமமான பாதுகாப்பை மாநிலங்கள் மறுக்கக் கூடாது என்னும் 1868ஆம் ஆண்டின் பதினான்காம் திருத்தமும் 'ஆள்' என்றே கூறுகிறது.

இச்சொல்லுக்கு ஒரு கறுப்பு வரலாறு உண்டு. 1787இன் மூல யாப்பு அடிமைகளை 'ஏனைய ஆட்கள்' என்று குறிப்பிட்டு, பிரதிநிதிகளின் தொகையைக் கணிக்கையில் ஐந்தில் மூன்று பங்காக மட்டுமே எண்ணியது. உள்நாட்டுப் போரின் பின்னர்தான் அந்தக் கணக்கு ஒழிந்தது. அதன்பின் 'ஆள்' முழு ஆளாகவே எண்ணப்பட்டு வருகிறார். 2020இன் குடிசன மதிப்பீட்டிலும் பிரஜையல்லாதோர் எண்ணப்பட்டனர்.

சலவைச் சாலையும் நீதிமன்றமும்

எழுத்தில் இருப்பது நடைமுறையில் செல்லுபடியானதா? சான் பிரான்சிஸ்கோ நகரம் 1880இல் ஒரு விதி செய்தது: மரக் கட்டிடத்தில் சலவைச் சாலை நடத்த நகரச் சபையின் அனுமதி வேண்டும். விதியில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆனால் விண்ணப்பித்த ஏறத்தாழ 200 சீனருக்கும் அனுமதி மறுக்கப்பட்டது; சீனரல்லாத ஏறத்தாழ 80 பேரில் ஒருவரைத் தவிர அனைவருக்கும் கிடைத்தது. அபராதம் கட்ட மறுத்துச் சிறை சென்ற சீனச் சலவைச் சாலை உரிமையாளர் ஒருவரின் வழக்கில், 1886இல் உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் எழுத்து நேர்மையாக இருந்தாலும் பாரபட்சமாகப் பிரயோகித்தால் அது செல்லாது. பதினான்காம் திருத்தம் பிரஜைகளுக்கு மட்டும் உரியதல்ல. சீனர்கள் பிரஜைகளாவதையே 1882ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்த காலம் அது.

1982இல், பத்திரமில்லாத பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக் கல்வியை மறுத்த ரெக்சாஸ் மாநிலச் சட்டத்தையும் அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் மட்டுமே அதற்கு உடன்பட்டனர் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

எல்லையிலிருந்து 25 யார்

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2017இல் மெக்சிக்கோ எல்லையைக் கடந்து வந்த இலங்கைத் தமிழர் ஒருவர், எல்லையிலிருந்து 25 யார் தூரத்தில் பிடிபட்டார். அவரது அகதிக் கோரிக்கை ஆரம்ப விசாரணையிலேயே நிராகரிக்கப்பட்டது. அதனைச் சுதந்திரமான நீதிமன்றம் ஒன்று மீளாய்வு செய்ய வேண்டும் என்று அவர் வழக்காடினார். மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் உயர் நீதிமன்றம் 2020 யூனில் 7க்கு 2 என்ற விகிதத்தில் அதை மாற்றியது. அமெரிக்க மண்ணில் காலடி வைத்திருந்தும், அவர் வாசலிலேயே நிற்பவராகக் கருதப்பட்டார். காங்கிரஸ் வழங்கிய நடைமுறைக்கு மேல் எதையும் அவர் கோர முடியாது என்றாயிற்று.

ஆகவே தம்பிக்கு என் பதில் இதுதான். வாக்கு இல்லை, உண்மை. நாடு கடத்தப்படும் அபாயமும் உண்டு. ஆனால் சம்பளம் பிடிக்கப்படும்போதும், பொலிஸ் கதவைத் தட்டும்போதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் நாம் வெறுங்கையர் அல்லர். 'ஆள்' என்ற சொல்லின் எல்லையைக் கூட்டுவதும் குறைப்பதும் வழக்குகளே. வழக்காட எவரும் முன்வராவிட்டால் அச்சொல் கடதாசியிலேயே கிடக்கும்.

ஏனைய நாடுகளில் வாழும் வாசகர்கள், தத்தம் நாட்டு யாப்புகளில் இவ்விரு சொற்களும் எங்கெங்கே வருகின்றன என்று எழுதினால், அடுத்த இதழில் ஒப்பிட்டு விவாதிக்கலாம்.