இரும்பின் நடுவே உருக்கு: வீட்டுப் பட்டறையில் ஒரு சமையற் கத்தி

காய் நறுக்கும் கத்தியைப் பற்றிக் கூட்டுறவுப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் சிலர் வினவக்கூடும். தறியில் பிசிறு நறுக்கும் கத்தரியும், வயலில் கதிர் அறுக்கும் அரிவாளும், அடுக்களையில் காய் அரியும் கத்தியும் ஒரே உலையில் பிறந்த உடன்பிறப்புகள். கருவி கூர் மழுங்கினால் நெசவாளருக்கும் உழவருக்கும் நேரம் நஷ்டமாகிறது. நேரம் நஷ்டமானால் கூலி குறைகிறது. ஆகவே, நல்ல கூர் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிவது நம்மவர் எல்லோருக்கும் பயன்படும் என்றெண்ணி, நாம் மூன்று மாத காலம் வீட்டுக் கொல்லையில் உலை மூட்டிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதத் துணிகிறோம்.

ஒரு கத்தியினிடம் நாம் இரண்டு குணங்களை எதிர்பார்க்கிறோம். ஒன்று, கூர் நீண்டநாள் நிற்கவேண்டும். அதற்குக் கடினம் தேவை. மற்றொன்று, கீழே விழுந்தாலும் எலும்பில் பட்டாலும் ஒடியக் கூடாது. அதற்கு இளக்கம் தேவை. இவ்விரண்டும் ஒரே உலோகத்தில் எளிதில் ஒன்றுசேருவதில்லை. இரும்பில் கலந்துள்ள கரியின் அளவே இதற்குக் காரணம். நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவாகக் கரி உள்ள இரும்பு வளையும்; ஆனால் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நூற்றுக்கு 1 பங்கு அளவில் கரி உள்ள உருக்கோ, காய்ச்சித் துவைச்சல் வைத்தவுடன் அரமும் ஏறாத கடினத்தை அடையும். ஆயினும் கண்ணாடியைப்போல் முறியும் அபாயம் அதற்கு உண்டு.

இச்சிக்கலுக்குப் பழங்காலத்துக் கொல்லர்கள் கண்ட வழி மிக எளியது. கடினமான உருக்கைக் கூர் வேண்டிய இடத்தில் மட்டும் வைத்து, மற்ற இடமெல்லாம் மெல்லிய இரும்பால் அணைத்துவிட்டார்கள். உருக்கு அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலத்தில் இது சிக்கனமாகவும் அமைந்தது. உருக்கு என்பது நமக்குப் புதிய பொருளன்று. கொங்கு நாட்டிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், அங்கே பண்டைக்காலத்தில் இரும்பும் உருக்கும் செய்யப்பட்டதற்கான அடையாளங்களை வெளிப்படுத்தியிருக்கின்றன. இருந்தும், அடுக்குத் தகட்டுக் கத்தியை இன்றளவும் கைத்தொழிலாகப் பேணி, உலகெங்கும் விற்பனை செய்துவரும் நாடு ஜப்பான் ஆகும்.

ஜப்பானியர் இதனை இருவகையாகச் செய்கின்றனர். மெல்லிரும்பின் ஒரு பக்கத்தில் மட்டும் உருக்கை ஒட்டி, ஒருபுறச் சரிவாகத் தீட்டுவது ஒரு வகை. சாகாய் நகரத்தின் மீன் அரியும் கத்திகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. நடுவில் உருக்கும் இருபுறம் மெல்லிரும்புமாக மூன்று தகடுகளை ஒட்டி, இருபுறமும் சரிவாகத் தீட்டுவது மற்றொரு வகை. வீட்டுச் சமையலுக்குப் பின்னது ஏற்றது. நாம் செய்ய முயன்றதும் அதுவே.

பட்டறைக்கு வேண்டியவை அதிகமில்லை. ரயில் தண்டவாளத் துண்டு ஒன்று அடைகல்லாயிற்று. கையால் சுற்றிக் காற்றூட்டும் விசிறி ஒன்று, ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல், நீண்ட குறடு, மரக்கரி, வெண்காரம், சில அரங்கள் ஆகியவற்றைச் சேகரித்தோம். மெல்லிரும்பு, இரும்புக் கடையில் ‘எம்.எஸ். பட்டை’ என்று கேட்டால் கிடைக்கும். உருக்குக்குத் தேய்ந்துபோன பழைய அரமே போதும். ஆனால் அரங்கள் எல்லாம் உள்வரை உருக்கல்ல. சில மேற்புறத்தில் மட்டுமே கடினமேற்றப்பட்டவை. ஆகவே அரத்தின் ஒரு முனையைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்து, துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து தட்டிப் பார்க்கவேண்டும். வளையாமல் சட்டென முறிந்து, முறிந்த இடம் உள்வரை ஒரே சீராக நுண்மணலைப்போல் சாம்பல் நிறமாகக் காணப்பட்டால் அது உகந்தது.

அரத்தின் பற்களை முற்றிலும் தேய்த்து நீக்கவேண்டும். பள்ளங்களில் அழுக்குத் தங்கினால் தகடுகள் ஒட்டமாட்டா. நாம் 3 மில்லிமீட்டர் கனமுள்ள உருக்குத் துண்டை, 5 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு மெல்லிரும்புத் துண்டுகளுக்கு நடுவில் வைத்தோம். நீளம் 10 சென்டிமீட்டர், அகலம் இரண்டரை சென்டிமீட்டர். ஒட்டும் முகங்களைப் பளபளப்பாகத் துலக்கி, அடுக்கைக் கம்பியால் இறுகக் கட்டினோம். கருஞ்சிவப்பாகக் காய்ந்ததும் வெண்காரப் பொடியைத் தூவினால், அது உருகி இடுக்குகளில் பாய்ந்து, துருவும் செதிளும் சேராமல் காக்கும். பின்னர் அடுக்கு முழுவதும் ஆரஞ்சு நிறம் கடந்து மஞ்சளாகி, மேற்பரப்பு நெய் பூசியதுபோல் மினுங்கும்வரை காய்ச்சவேண்டும். நெருப்புப்பூப் போன்ற பொறிகள் பறந்தால் உருக்கு எரிகிறதென்று பொருள், அத்துண்டை விட்டுவிடவேண்டியதே.

உலையிலிருந்து எடுத்தவுடன் ஓங்கி அடித்தல் தவறு. ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை இலேசாகவும் விரைவாகவும் அடித்தால், உருகிய வெண்காரம் வெளியே பிதுங்கித் தகடுகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். இவ்வாறு இருமுறை காய்ச்சி ஒட்டிய பின்னரே நீட்டி அடிக்கத் தொடங்கலாம். கனம் 13 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டராகக் குறையும்போது, நடுவிலுள்ள உருக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனமாக எஞ்சும். அந்த ஒரு மில்லிமீட்டரே கத்தியின் கூர்.

நமது முதற்கத்தி இவ்விடத்தில்தான் கெட்டது. அடைகல்லில் பட்ட பக்கம் சீக்கிரம் குளிரும் என்பதை அறியாமல் ஒரே பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தோம். சூடான பக்கம் அதிகமாக விரிந்தமையால் உருக்கு நடுவைவிட்டு விலகியது. அரத்தால் சரிவு எடுத்தபோது, கூர் இருக்கவேண்டிய இடத்தில் பாதி நீளத்திற்கு மெல்லிரும்பே வெளிப்பட்டது. பார்வைக்கு நல்ல கத்தி, பூசணிக்காய்க்கும் உதவாது.

இரண்டாவது கத்தியைப் பக்கம் மாற்றி மாற்றி அடித்து, உருக்கை நடுவில் நிறுத்தினோம். துவைச்சலுக்காகச் சிவக்கக் காய்ச்சி, கிணற்று நீரில் முக்கினோம். ‘டிங்’ என்று ஒரு மெல்லிய ஓசை எழுந்தது. எடுத்துப் பார்த்தால், கூரிலிருந்து முதுகை நோக்கி மயிரிழைபோல் ஒரு விரிசல். இரண்டு வாரத்து உழைப்பு ஒரு நொடியில் போயிற்று.

எங்கள் ஊரில் ஒரு முதிய கொல்லர் இருக்கிறார். அவர் உலை மூட்டி ஆறு வருஷமாகிறது. மகன் வெளியூரில் மில் வேலைக்குச் சென்றுவிட்டார். சம்மட்டி அடிக்கத் துணையின்றித் தொழிலை நிறுத்தியவர் அவர். விரிசல் கண்ட கத்தியை அவரிடம் எடுத்துச் சென்றோம். கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், “பச்சத் தண்ணியிலயா விட்டீங்க, தம்பி? அரத்து உருக்கு பொல்லாதது. கடலெண்ணெயை வெதுவெதுன்னு காய்ச்சி அதுல விடுங்க. அதுக்கு முன்னாடி சாம்பல்ல ஒரு ராத்திரி தூங்க வையுங்க” என்றார். தம் தகப்பனார் காலத்தில் விறகு வெட்டும் அரிவாளுக்கு உருக்கு வைத்து அடித்ததையும், பின்னர் லாரிகளின் வில்பட்டை மலிவாகக் கிடைத்ததும் அந்த வேலை நின்றதையும் விவரித்தார். மறுநாட் காலையில், நாம் அழையாமலே, தமது குறட்டுடன் நமது கொல்லைக்கு வந்துவிட்டார்.

மூன்றாவது கத்தி அவருடைய மேற்பார்வையில் உருவாயிற்று. அடித்து முடித்த தகட்டைக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுவதை மூன்று முறை செய்தோம். அடியினால் உள்ளே ஏறிய இறுக்கம் இதனால் தளர்கிறது. பிறகு ஓர் இரவு சாம்பலில் புதைத்து வைத்தோம். இளகிய தகட்டில் அரத்தால் சரிவு எடுத்து, கூர்ப்பக்கத்தை 1 மில்லிமீட்டர் கனத்தோடு நிறுத்தினோம். அதற்கும் மெல்லியதாக்கினால் துவைச்சலின்போது நெளியும்.

துவைச்சலுக்கு உரிய சூட்டைக் காண ஒரு காந்தம் போதும். ஏறத்தாழ 770 டிகிரி சென்டிகிரேடில் இரும்பு காந்தத்தை விட்டுவிடுகிறது. அந்நிலையைக் கடந்து சற்றே காய்ச்சி, நுனி கீழாக எண்ணெயில் நேரே இறக்கவேண்டும். பெரியவருக்குக் காந்தம் தேவைப்படவில்லை. உலைக்கு மேல் ஓர் ஓலைத் தட்டியை நிழலுக்குக் கட்டச் சொல்லி, அந்த நிழலில் நிறத்தைப் பார்த்தே “இப்ப” என்றார். நாம் காந்தத்தை நீட்டிப் பார்த்தோம், பற்றவில்லை.

எண்ணெயிலிருந்து எடுத்த கத்தியில் அரம் வழுக்கிற்று. ஆனால் அந்நிலையில் அது முறியும் தன்மையுடையது. உடனே இளஞ்சூட்டில் பதப்படுத்தவேண்டும். ரொட்டி சுடும் மின்னடுப்பில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வீதம் இருமுறை வைத்து எடுத்தோம். துலக்கிய முகம் வைக்கோல் நிறம் கொண்டது. அதுவே சரியான அடையாளம். பின்னர் தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டினோம். தீட்டும்போது சூடேறினால் பதம் போய்விடும். ஆதலால் அடிக்கடி நீரில் நனைக்கவேண்டும். எலுமிச்சைச் சாற்றைத் தடவியபோது, உருக்கு கறுத்து, மெல்லிரும்பு வெளுத்து, இரண்டுக்கும் இடையே அலைபோன்ற ஒரு கோடு தோன்றிற்று. பெரியவர் அந்தக் கோட்டின்மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கத்தியை நம் வீட்டாரிடம் கொடுத்தார்.

இம்முயற்சியில் இறங்குவோர் சில எச்சரிக்கைகளை மறக்கலாகாது. மூடிய அறையில் கரி உலை மூட்டினால் நச்சுப்புகை உயிரைக் குடிக்கும். திறந்த வெளியே தகும். துத்தநாக முலாம் பூசிய இரும்பை உலையில் இடவே கூடாது. எண்ணெய் தீப்பற்றக்கூடும், இரும்புப் பாத்திரமும் அதற்குப் பொருந்தும் மூடியும் அருகில் இருக்கட்டும். கண்ணாடியின்றி அடிக்கவேண்டாம். உடையைப் பொறுத்தமட்டில் நெசவாளர் மகிழத்தக்க ஒரு செய்தி உண்டு: செயற்கை நூலாடை பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்தி உருகாது. பட்டறைக்குக் கைத்தறிப் பருத்தியே காப்பு.

செலவுக் கணக்கு என்ன? கரியும் இரும்பும் சொற்பமே. உழைப்போ பல நாட்கள். கடையில் அச்சில் வெட்டிய கத்தி அதைவிட மலிவாகக் கிடைக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. நெசவாளர்களுக்கு இக்கேள்வி பழகியதுதான். இதே கேள்வியை எதிர்கொண்ட ஓர் ஊரைப் பற்றிச் சொல்லி முடிக்க விரும்புகிறோம்.

ஜப்பானின் புகூயி மாநிலத்தில் எச்சிசென் என்னும் ஊர் இருக்கிறது. 1337-ஆம் ஆண்டில் கியோட்டோவிலிருந்து வந்த ஒரு வாட்கொல்லர், அண்டை உழவர்களுக்கு அரிவாளும் அடித்துக் கொடுத்ததிலிருந்து அங்கே தொழில் தொடங்கியதென்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறும் வரலாறு. அரக்குப் பால் இறக்கப் பல ஊர்களுக்கும் சென்ற தொழிலாளர்கள் அவ்வூர் அரிவாள்களை உடன்கொண்டு போய் விற்றனர். அவ்வூர்க் கொல்லர்கள் இரண்டு கத்தித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒருசேர அடிப்பார்கள். தனித்தனியே அடித்தால் மெல்லிய தகடு விரைவில் ஆறிவிடும். இரண்டு சேர்ந்திருந்தால் ஒன்றன் சூட்டை மற்றொன்று காக்கும். 1979-ஆம் ஆண்டில் அத்தொழில் ஜப்பானிய அரசாங்கத்தால் மரபுவழிக் கைத்தொழிலாக அங்கீகரிக்கப்பட்டது.

ஆயினும் அங்கீகாரம் மட்டும் சோறு போடவில்லை. அறுவடை இயந்திரங்கள் வந்து அரிவாளின் தேவை குன்றிற்று. அச்சுக் கத்திகள் சந்தையை நிரப்பின. 1980-களில் அவ்வூர் இளங்கொல்லர்கள் சிலர், கசுவோ கவாசாகி என்ற வடிவமைப்பாளரின் துணையுடன் புதிய வடிவங்களை முயன்றனர். பின்னர்க் கூட்டுறவு முறையில் இணைந்து, 1993-ஆம் ஆண்டில் ‘தகேபு கத்திக் கிராமம்’ என்ற பொதுப் பட்டறையைத் திறந்தனர். அங்கே கூரை பொது, இயந்திரச் சம்மட்டியும் உலையும் பொது. கத்தியில் பொறிக்கும் முத்திரை மட்டும் அவரவருடையது. வருவோர் வேலையைப் பார்க்கவும், தாமே ஒரு கத்தி செய்து பழகவும் வசதி செய்திருக்கிறார்கள். இளைஞர்கள் அங்கே தொழில் பயில வருகின்றனர்.

நமது முதியவர் தொழிலை நிறுத்தியது கைத்திறன் குறைந்ததனால் அன்று. சம்மட்டி அடிக்க ஓர் ஆள் இல்லாமையால். ஒரு சிறிய இயந்திரச் சம்மட்டியைத் தனிமனிதர் ஒருவர் வாங்குவது கடினம். சங்கம் வாங்குவது கடினமன்று. நெசவுச் சங்கங்கள் நூலையும் சாயத்தையும் பொதுவில் வாங்கிப் பயனடைந்திருக்கின்றன. விளைவிப்போர் சங்கங்கள் கிடங்கைப் பொதுவாக்கிக்கொண்டன. கருவி செய்பவரையும் நம் சங்கங்களில் சேர்த்துக்கொள்வதற்குத் தடை என்ன? வரும் மகாசபையில் அங்கத்தினர்கள் இதனை ஒரு பொருளாக எழுப்பவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். ஆறு வருஷம் ஆறிக்கிடந்த உலையை மூட்டப் பெரியவர் சம்மதித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவருக்குக் கற்றுத்தருவதாகவும் கூறியுள்ளார். கண் பார்வை உள்ளவரைதான் என்ற நிபந்தனையோடு. விரும்பும் இளைஞர்கள் காலம் தாழ்த்தாது சங்க அலுவலகத்தில் தங்கள் பெயரைக் கொடுப்பார்களாக.