கூரைக்குத் தகரம் வாங்கப் போகிறீர்களா? முதலில் திருகாணியைப் பாருங்கள்!

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, விடியற்காலை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் அன்று யாருக்கும் தூக்கம் இல்லை. பிள்ளைகளை அணைத்தபடி பெற்றோர்கள் சுவர் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் கூரையின் மேலேயே இருந்தது.

"கஜா" புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. கரை ஏறும்போது காற்றின் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல்! பிறகு அது மேற்கே நகர்ந்து புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் புகுந்தது.

ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கறம்பக்குடி, அறந்தாங்கி வட்டாரங்களில் தென்னை சாய்ந்தது. பலா மரம் வேரோடு விழுந்தது. வாழை தரையோடு தரையாயிற்று.

கூரைகளின் கதி என்ன? கீற்று பறந்தது. ஓடு சரிந்தது. சிமெண்டு ஷீட் நொறுங்கியது. தகரம் பிய்த்துக்கொண்டு போயிற்று.

"இனிமேல் கீற்று வேண்டாம். கடனை உடனை வாங்கியாவது தகரம் போட்டு விடுவோம்" என்று முடிவு செய்கிற குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. நல்ல முடிவுதான். ஆனால் புயலில் தகரமும்தானே பறந்தது!

ஒரே தெருவில் ஒரு வீட்டுத் தகரம் பறக்கிறது. பக்கத்து வீட்டுத் தகரம் அசையாமல் நிற்கிறது. இது ஏன்? கடைக்குப் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

காற்று தள்ளுவதில்லை, தூக்குகிறது!

மழையில் குடை பிடித்துப் போகிறீர்கள். திடீரென்று காற்று அடிக்கிறது. குடை என்ன ஆகிறது? மேல் நோக்கி மடங்குகிறது. கையை விட்டால் பறந்தே போகும்.

கூரையும் அப்படித்தான். கூரையின் மேலே வேகமாக ஓடும் காற்று அதை மேல் நோக்கி இழுக்கிறது. கதவோ ஜன்னலோ திறந்துகொண்டால், உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தூக்குகிறது.

எவ்வளவு பலத்தோடு தூக்குகிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஏறக்குறைய 68 கிலோ அழுத்தம் கொடுக்கும். இது கட்டிடப் பொறியாளர்கள் போடும் கணக்கு. அரை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு எடை இருக்கும்? வெறும் 4 கிலோ!

உங்கள் வீட்டில் 20 அடி நீளம், 10 அடி அகலத்தில் ஒரு கூரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் உள்ள தகரத்தின் எடை 75 கிலோ. காற்று அந்தக் கூரையைத் தூக்கும் பலமோ ஏறக்குறைய 1,250 கிலோ!

"கூரை மேலே நாலு கல்லைத் தூக்கி வைத்தால் போதும்" என்று சிலர் சொல்வார்கள். நாலு கல் எந்த மூலைக்கு? 50 கிலோ மூட்டையாக 25 மூட்டை ஏற்றினால்தான் அந்தக் காற்றுக்கு ஈடாகும். அத்தனை பாரத்தைக் கூரை தாங்குமா? புயலில் அந்தக் கல் உருண்டு யார் தலையில் விழும் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே, தகரத்தைப் பிடித்து வைப்பது அதன் எடை அல்ல. கல்லும் அல்ல. திருகாணிதான்! கடையில் "ஸ்குரு" என்று கேட்கிறோமே, அதுதான்.

டார்வின் நகரம் கற்ற பாடம்

ஆஸ்திரேலியா நாட்டின் வடக்குக் கரையில் டார்வின் என்று ஒரு நகரம் இருக்கிறது. 1974-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, விடிவதற்கு முன்பே அந்த நகரத்தைப் புயல் தாக்கியது. புயலின் பெயர் "டிரேசி". ஊரில் உள்ள வீடுகளில் பெரும் பகுதி நாசமாயிற்று.

அந்த வீடுகளில் பலவற்றுக்குத் தகரக் கூரைதான். அறிஞர்கள் வந்து ஆராய்ந்தார்கள். தகரம் மட்டமானதா? இல்லை. திருகாணி ஒடிந்ததா? அதுவும் இல்லை.

காற்று விட்டு விட்டு அடிக்கும்போது தகரம் படபடவென்று மேலும் கீழும் அடித்துக்கொண்டது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்து விடுகிறது அல்லவா? அதுபோலத் திருகாணியைச் சுற்றித் தகரம் விரிசல் கண்டது. திருகாணி இருந்த இடத்தில் இருந்தது. தகரம் மட்டும் கிழிந்து பறந்து விட்டது!

அதன் பிறகு அந்த நாட்டில் கூரை போடும் முறையையே மாற்றினார்கள். திருகாணிகளை நெருக்கமாக முடுக்கினார்கள். திருகாணியின் தலைக்கு அடியில் அகலமான வாஷர் வைத்தார்கள். அகல வாஷர் தகரத்தைப் பரவலாகப் பிடித்துக்கொள்ளும். எளிதில் கிழிய விடாது.

எப்படி முடுக்க வேண்டும்?

ஒவ்வொரு திருகாணிக்கும் ரப்பர் வைத்த வாஷர் வேண்டும். ரப்பர் இல்லாவிட்டால் அந்தத் துளை வழியாகவே மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

தகரத்தின் மேட்டில் முடுக்குங்கள். பள்ளத்தில் தண்ணீர் ஓடும். ரப்பர் நசுங்கிப் பிதுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம். தளர்வாகவும் விட வேண்டாம்.

கூரையின் ஓரம், மூலை, முகடு ஆகிய இடங்களில்தான் காற்றின் இழுப்பு மிக அதிகம். அங்கே ஒரு மேடு கூட விடாமல் திருகாணி போடுங்கள்.

தகரத்தைத் தாங்கும் சட்டங்களுக்கு நடுவே 4 அடிக்கு மேல் இடைவெளி வேண்டாம். ஓரங்களில் 3 அடி போதும்.

ஒரு தகரத்தின் மேல் அடுத்த தகரம் நீளவாக்கில் 6 அங்குலமாவது ஏறி உட்கார வேண்டும்.

சுவருக்கு வெளியே கூரை ஒன்றரை அடிக்கு மேல் நீண்டிருக்க வேண்டாம். நீண்ட இறவாணம் காற்றுக்குப் பிடி கொடுக்கும். வெளித் திண்ணைக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் தனிக் கூரையாகப் போடுங்கள். அது பறந்தாலும் வீட்டுக் கூரை தப்பும்.

வாட்டத்தையும் கவனியுங்கள். 6 அடிக்கு 1 அடி ஏற்றமாவது இருந்தால்தான் தண்ணீர் தேங்காது. புயல் அடிக்கும் ஊரில் 5 அடிக்கு 2 அடி ஏற்றம் நல்லது. தட்டையான கூரையைத்தான் காற்று எளிதில் தூக்கும்.

இன்னொன்று. திருகாணி தகரத்தைச் சட்டத்தோடு பிடிக்கிறது. அந்தச் சட்டத்தைப் பிடிப்பது யார்? சட்டம் தூணோடும், தூண் தரையோடும் பூட்டியிருக்க வேண்டும். மண் சுவர் வீடானால் சுவரை நம்ப வேண்டாம். தரையில் கான்கிரீட் போட்டு ஊன்றிய இரும்புக் கால்களில் கூரையை நிறுத்துங்கள். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி அறுந்ததுதான்!

எந்தத் தகரம் நல்லது?

தகரத்தை அலை அலையாக வளைத்தால் அதற்குப் பலம் கூடும். இதைக் கண்டுபிடித்து 1829-ம் ஆண்டில் உரிமை பெற்றவர் ஹென்றி பாமர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ஆனால் வெறும் இரும்பு துருப்பிடிக்குமே! அதற்கு வழி சொன்னவர் பிரான்சு நாட்டுக்காரர் சோரல். இரும்பின் மேல் துத்தநாகம் பூசும் முறைக்கு 1837-ம் ஆண்டில் அவர் உரிமை பெற்றார்.

துத்தநாகம் விசித்திரமானது. தகரத்தில் கீறல் விழுந்தாலும், துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். தான் பட்டினி கிடந்து பிள்ளைக்குச் சோறு போடும் தாயைப்போல!

இன்று கடையில் முக்கியமாக மூன்று வகை கிடைக்கும்.

முதலாவது, துத்தநாகம் மட்டும் பூசியது. இதை "ஜிங்க் ஷீட்" என்பார்கள்.

இரண்டாவது, அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசியது. இதில் அலுமினியம் 55 பங்கு. மீதியில் பெரும்பகுதி துத்தநாகம். சாதாரண ஜிங்க் ஷீட்டை விட நீண்ட நாள் உழைக்கும். இதன் மேல் பெயிண்டு அடித்து வருவதைத்தான் பெரும்பாலும் "கலர் ஷீட்" என்று விற்கிறார்கள்.

மூன்றாவது, முழுவதும் அலுமினியம். துரு என்ற பேச்சே இல்லை. எடையும் குறைவு. விலைதான் அதிகம்.

கடையில் ஏமாறாதீர்கள்!

கடைக்கு ஒரு குடும்பம் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"என்னங்க, இந்தச் சிவப்பு நல்லா இருக்கே!" என்கிறார் மனைவி.

"அண்ணே, இது எத்தனை கனம்?" என்று கடைக்காரரைக் கேட்கிறார் கணவர்.

"அரை மில்லி தம்பி. தைரியமாகப் போடுங்க!"

இந்த இடத்தில்தான் இன்னும் கேட்க வேண்டும். அரை மில்லி என்பது பூச்சும் பெயிண்டும் சேர்த்தா, இரும்பு மட்டுமா? கேஜ் எண் சொன்னால் இதை மறக்காதீர்கள்: கேஜ் எண் ஏற ஏறத் தகரம் மெலியும். 26 கேஜை விட 24 கேஜ்தான் கனம்.

சந்தேகம் இருந்தால் தராசில் வைத்து விடுங்கள். 4 அடி அகலத் தகட்டை வளைத்துச் செய்த 10 அடி நீள ஷீட், அரை மில்லி கனமானால் ஏறக்குறைய 14½ கிலோ இருக்கும். 0.35 மில்லியானால் 10 கிலோதான் இருக்கும். தராசு பொய் சொல்லாது!

பூச்சையும் கேளுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. துத்தநாகப் பூச்சு 120 கிராமிலும் வரும், 275 கிராமிலும் வரும். கிராம் கூடினால் ஆயுள் கூடும். அலுமினியக் கலப்புப் பூச்சில் 150 கிராம் நல்லது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் ஊர் எது?

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். அங்கே அலுமினியத் தகரம் சிறந்தது. அதற்குக் கை எட்டாவிட்டால், பெயிண்டு அடித்த அலுமினியக் கலப்புத் தகரம் போடுங்கள். திருகாணியும் துருப்பிடிக்காத ரகமாக இருக்கட்டும்.

ஆலங்குடி, அறந்தாங்கி, கறம்பக்குடிப் பக்கம் புயல் பயம் அதிகம். அங்கே கலரைப் பற்றிக் கவலை வேண்டாம். கனத்துக்கும் திருகாணிக்கும் செலவு செய்யுங்கள்.

விராலிமலை, இலுப்பூர், பொன்னமராவதிப் பக்கம் வெயில்தான் எதிரி. சித்திரை வெயிலில் தகரத்தின் அடியில் கைக்குழந்தையைப் படுக்க வைக்க முடியாது. அங்கே வெள்ளை நிறத் தகரம் போடுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். சுவரை உயர்த்திக் கட்டுங்கள். தகரத்துக்கு அடியில் ஓர் அடி இடைவெளி விட்டு உள்கூரை போட்டால் சூடு இறங்காது. முகட்டுக்குக் கீழே சுவரில் இரண்டு பக்கமும் துவாரம் வைத்தால் சூடான காற்று வெளியே போய்விடும்.

மாட்டுக் கொட்டகையா? சாணம், கோமியத்தின் ஆவி அலுமினியக் கலப்புப் பூச்சை அரிக்கும். காற்றோட்டம் இல்லாத கொட்டகைக்கு அது ஏற்றதல்ல.

எல்லோருக்கும் நாலு எச்சரிக்கை

தகரத்தின் மேல் ஈரமான சிமெண்டோ சுண்ணாம்போ பட விடாதீர்கள். அது பூச்சை அரிக்கும்.

வேலை முடிந்ததும் இரும்புத் தூளைப் பெருக்கித் தள்ளுங்கள். அந்தத் தூள் கிடக்கும் இடத்தில்தான் முதல் துரு வரும்.

மின்சாரக் கம்பி தகரத்தில் உரசக் கூடாது. உரசினால் கூரை முழுவதும் மின்சாரம் பாயும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எடுக்கும்போது உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். அதன் தூசி நுரையீரலில் புகுந்தால் புற்றுநோய் வரலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக இறக்குங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

வீட்டைக் கட்டிப்பார்!

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? கூரைக்குச் செலவழிக்கும் பணம் பல வருட உழைப்பு. அது ஒரே இரவில் பறந்து போகக் கூடாது.

கையில் இருக்கும் பணம் குறைவா? விலை கூடின கலரைக் குறையுங்கள். முகப்பு அலங்காரத்தைக் குறையுங்கள். திருகாணியின் எண்ணிக்கையை மட்டும் குறைக்காதீர்கள்!

கூரை போட்டு முடித்ததும் வேலையாளுக்குக் கூலி கொடுப்பதற்கு முன், கீழே நின்று ஓரத்துத் திருகாணிகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ஐப்பசியிலும் மழை வலுக்கும் முன்பு ஒரு தடவை பாருங்கள். தளர்ந்ததை இறுக்குங்கள். துருப்பிடித்ததை மாற்றுங்கள்.

அடுத்த புயல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது வரும் இரவில் உங்கள் பிள்ளைகள் கூரையைப் பார்த்து நடுங்காமல் தூங்க வேண்டும். அது உங்கள் கையில்தான் இருக்கிறது!