சனியின் வட துருவத்தில் ஓர் அறுகோணம்

சூரிய குடும்பத்துக் கிரகங்களுள் வியாழனுக்கு அடுத்தபடியாகப் பெரியது சனி. அதற்குப் பூமியைப் போன்ற திடமான தரை கிடையாது; அதன் மேற்பகுதி பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த வாயுவேயாகும். இவ்வாயுவில், வட துருவத்தைச் சுற்றி, ஏறத்தாழ 78 பாகை அட்சரேகையில், அளவுகோல் கொண்டு வரைந்தாற்போன்ற மேக அறுகோணம் ஒன்று காணப்படுகிறது. அதன் ஒரு பக்கத்தின் நீளம் சுமார் 14,500 கிலோமீட்டர். பூமியின் விட்டமோ 12,742 கிலோமீட்டர்தான்.

1980, 1981 ஆம் ஆண்டுகளில் சனியைக் கடந்து சென்ற வாயேஜர் விண்கலங்களின் படங்களை ஆராய்ந்து, காட்ஃப்ரே என்னும் விஞ்ஞானி 1988-இல் இவ்வுருவத்தை அறிவித்தார். 2004-இல் சனியை அடைந்த காசினி விண்கலம், வட துருவம் நீண்ட குளிர்கால இருளில் மூழ்கியிருந்தபோதே அகச்சிவப்புக் கதிர்களின் உதவியால் அதனைக் கண்டது. 2017-இல் காசினியின் பணி முடிவுற்றபோதும் அறுகோணம் குலையவில்லை. சனியின் ஓராண்டு நமது இருபத்தொன்பதரை ஆண்டுகளுக்குச் சமம். ஆகவே, பருவங்கள் யாவும் ஒரு சுற்று மாறி வந்த பின்னரும் அது நிலைத்திருந்தது எனலாம்.

இதற்குக் காரணம் யாது? அப்பிரதேசத்தில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்துடன் ஜெட் காற்று கிழக்கு நோக்கி ஓடுகிறது. சுழலும் கோளில் இத்தகைய காற்று துருவத்தை நோக்கி விலகினால், கோளின் சுழற்சி அதைத் திருப்பிவிடும். மறுபுறம் விலகினாலும் அவ்வாறே. இங்ஙனம் காற்று வளைந்து வளைந்து செல்வதால் உண்டாகும் அலைக்கு, 1939-இல் அதனை விளக்கிய ராஸ்பியின் பெயர் வழங்குகிறது. துருவத்தை ஒருமுறை சுற்றி வருவதற்குள் ஆறு அலைகள் சரியாக அடங்கின், தோன்றும் வடிவம் அறுகோணமாகும். காற்று விரைந்து ஓடுகிறது; அலையின் வடிவமோ ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டு சோதனைச்சாலையில் சுழலும் நீர்த்தொட்டியொன்றினுள், வேறு வேகத்தில் சுழலும் வளையத்தை அமைத்து ஆராய்ந்தனர். வேக வித்தியாசத்துக்கேற்ப நீரோட்டம் முக்கோணமாகவும் சதுரமாகவும் அறுகோணமாகவும் உருக்கொண்டது. இம்முடிவு 2010-இல் வெளியாயிற்று. எனினும், சனியின் அறுகோணம் மேகங்களுக்குக் கீழே எவ்வளவு ஆழம் வேரூன்றியுள்ளது என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் கருத்தொற்றுமை இல்லை.

பூமியின் ஜெட் காற்றுகளிலும் இவ்வலைகள் உண்டு. குளிர்காலத்தில் இமயமலைக்குத் தெற்கே வீசும் மேலை ஜெட் காற்றை ஒட்டியே, வட இந்தியக் கோதுமைக்கு உயிரூட்டும் மழை வந்து சேருகிறது. ஆனால் இங்கு மலைகளும், நிலமும் கடலும் வெவ்வேறாகச் சூடேறுவதும் அலைகளைக் கலைத்துவிடுகின்றன. அத்தடைகள் இல்லாத சனியில் அதே விதி இடையூறின்றி இயங்குவதைக் காண்கிறோம்.