உங்களுக்குத் தெரியுமா? கொடி ஏன் அசைகிறது?

இயல்பாக நடக்கும் ஒரு நிகழ்ச்சியின் மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி. தண்டியலங்காரம் விளக்கும் 35 பொருளணிகளுள் இதுவும் ஒன்று. மதில்மேல் கொடி அசைவதற்குக் காற்றே காரணம். கவிஞரோ அதற்கு வேறொரு காரணத்தைப் படைக்கிறார்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, மதில்மேல் பறக்கும் கொடிகள் ‘வராதீர்கள்’ என்று கைகாட்டித் தடுப்பதுபோல் அசைகின்றன. கம்பராமாயணத்திலோ, மிதிலையின் கொடிகள் ‘விரைந்து வா’ என்று இராமனைக் கைநீட்டி அழைக்கின்றன. அசைவு ஒன்றே, அங்கே கொலை காத்திருக்கிறது, இங்கே திருமணம். கதையில் பின்னால் வரப்போவதைக் கொடியின் அசைவிலேயே படிப்பவருக்கு உணர்த்திவிடுவதுதான் இந்த இரு இடங்களின் சிறப்பு.

சிலப்பதிகாரத்தை இயற்றிய இளங்கோவடிகள் கொடியோடு நிற்கவில்லை. அதற்குச் சற்று முன்பே வையை வருகிறது. ஆறு முழுவதும் பூக்கள் மிதக்கின்றன. நீர் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணகிக்கு நேரப்போகும் துயரத்தை வையை என்னும் பெண் முன்பே அறிந்து, பூவாடையைப் போர்த்திக்கொண்டு தன் கண்ணீரை மறைத்தாளாம். நகரை எட்டுமுன்பே ஆறு அழுதுவிடுகிறது. தமிழ்க் காப்பியங்களில் இந்த அணி இவ்வளவு உருக்கமாக அமைந்த இடங்கள் மிகச் சிலவே.

உவமை அணியிலிருந்து இது வேறுபடுகிறது. உவமை இரு பொருள்களின் ஒப்புமையைக் காட்டும். தற்குறிப்பேற்றம் ஒரு செயலுக்குப் புதிய நோக்கத்தைக் கற்பிக்கும். ‘போல’ என்னும் சொல் இரண்டிலும் வரக்கூடும் என்பதால் மாணவர்கள் குழம்புவதுண்டு. இயற்கையான காரணம் மறைந்து, கற்பனைக் காரணம் அதன் இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.