'உங்க பொருளுக்கு நாங்க பொறுப்பில்ல'... ஹோட்டல் போர்டு சொன்னா முடிஞ்சதா?

ரூமில் வைத்த லேப்டாப்பைக் காணோம். ரிசப்ஷனில் கேட்டால், "போர்டு பாக்கலையா சார்?" என்று கையை விரிக்கிறார்கள். அந்த போர்டுதான் கடைசி வார்த்தையா?

இல்லை. 1998-ல் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் வேலட் பார்க்கிங்குக்குக் கொடுத்த மாருதி ஜென் கார் திருடு போனது. 'காரை நிறுத்துவது விருந்தினரின் சொந்த ரிஸ்க்' என்று டோக்கனிலேயே இருக்கிறது என வாதாடியது ஹோட்டல். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாவியை வாங்கிய பிறகு காரைப் பத்திரமாகத் திருப்பித் தருவது ஹோட்டலின் பொறுப்பு. ஊழியர்களின் கவனக்குறைவுக்கு அந்த வரி கவசம் ஆகாது என்றது.

ரூமில் நீங்களே வைத்திருந்த பொருள் என்றால் கதை கொஞ்சம் வேற. ஹோட்டலின் கவனக்குறைவைப் பொதுவாக நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் அன்றைக்கே செய்ய வேண்டியவை:

• மேனேஜரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்க.
• சிசிடிவி, கீ கார்டு பதிவுகளை அழிக்காமல் வைக்கும்படி அதே புகாரில் கேளுங்க.
• போலீஸில் எஃப்ஐஆர் போடுங்க. நகல் இலவசம்.

நஷ்டஈடு தர மறுத்தால் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வழி தெரியவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.